எட்டிப் போட்ட நடை

ரேக்ளா பந்தயத்தில் ஓடும் சிங்காரிக் குதிரைக்கு அன்று மாப்பிள்ளை ஊர்வலத்தில் வேலை. முன்னால் நாதஸ்வரக்காரர்கள் ஆமையாய் நகர்ந்தார்கள். சிங்காரிக்குக் கால் பின்னியது. முதுகிலிருந்த மாப்பிள்ளை சரிந்து பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா தள்ளாடுற?" என்றது கூடவே வந்த தெருநாய்.

"எனக்கே புரியல தம்பி. ஓடும்போது நாலு காலும் பேசி வச்ச மாதிரி விழும். மெல்லப் போனா எதை எடுக்கிறது, எதை வைக்கிறதுன்னே தெரியல."

"நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டுப் பாரேன்."

எட்டிப் போட்டது. கால்கள் சேர்ந்துகொண்டன. உடம்பு ஆடவேயில்லை.

"பாத்தியா, சரியாயிடுச்சு!" என்று பெருமையாகத் திரும்பியது சிங்காரி.

நாயைக் காணோம். மேளத்தைக் காணோம். கல்யாண மண்டபம் எப்போதோ பின்னால் போயிருந்தது.

"எல்லாரும் எங்க போனாங்க?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டது.