துரையின் கால்

வெள்ளைக்கார டாக்டர் துரை கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டார். ஆறு வருஷ வேலையில் அந்த வெள்ளைக் கெண்டைக்காலைக் கலெமா இன்றுதான் பார்க்கிறான்.

மர உச்சியில், எண்பது அடி உயரத்தில் கட்டிய பரண். கிளைகளுக்கு அப்பால் ஏரி தெரிந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

லண்டனிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் நோட்டோடு ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தார். வெளிச்சம் குறைவு, அசைந்தால் படம் கலைந்துவிடும் என்று கேமராக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இருநூறு சாயங்காலம் இப்படி உட்கார்ந்திருக்கேன்" என்றார் துரை, பத்திரிகைக்காரரிடம். அந்த அளவு இங்கிலீஷ் கலெமாவுக்குப் புரியும்.

உட்கார்ந்தாராம்.

உட்கார்ந்தது கலெமா. உட்கார்ந்தது அவன் தம்பி முசோகே. காலைத் திறந்து வைத்துக்கொண்டு, காய்ச்சல் கொசு வந்து இறங்கியதும் அது கடிப்பதற்குள் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, பஞ்சால் அடைக்க வேண்டும். யார் காலில் பிடித்ததோ அந்த ஆளின் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். துரை கீழே, கொசுவலைக்குள் உட்கார்ந்து டீ குடிப்பார்.

போன வருஷ மழையில் ஒரு குழாய் அரை நொடி பிந்தியது. முசோகே ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தான். "ஒண்ணும் ஆகாதுடா, பயப்படாம உட்காரு" என்று அவனைப் பரணில் ஏற்றிய துரை, அடக்கத்துக்கு ஒரு வாழைத்தார் அனுப்பிவைத்தார்.

அந்தத் தாரைக்கூடக் கலெமா பொறுத்துக்கொண்டான். போன மாதம் வந்த பத்திரிகையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னான். புதுக் காய்ச்சலைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியில் மனித உயிர்ச்சேதம் இல்லையாம். இரண்டு குரங்குகள்தான் செத்தனவாம். குரங்குகளுக்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

படத்துக்கு ஆறரை மணி வெளிச்சம்தான் அழகு என்று காலையில் சொன்னது கலெமாதான். ஆறரைக்குத்தான் மர உச்சிக் கொசுவும் கிளம்பும். அது துரைக்கும் தெரியும். அதனால்தான் கலெமாவைக் குழாயோடு தன் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

வந்தது. கெண்டைக்காலின் நடுவில் இறங்கியது.

துரை கடைக்கண்ணால் பார்த்தார். கலெமாவின் குழாய் மடியிலேயே இருந்தது.

கேமராக்காரர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அடிக்கவும் வழியில்லை, உதறவும் வழியில்லை. துரைக்குப் பயம் என்பதே கிடையாது என்று பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"பிடிடா" என்றார் துரை, கலெமாவின் லுகாண்டா மொழியில், உதடு அசையாமல்.

"ஒண்ணும் ஆகாது துரை. பயப்படாம உட்காருங்க."

கொசுவின் வயிறு சிவந்து உப்பும்வரை கலெமா பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் வயிறு குளிர்ந்தது.

பிறகு குழாயைக் கவிழ்த்தான். பஞ்சை அடைத்தான். சீட்டில் எண்ணை எழுதினான்.

பத்திரிகைக்காரர் எட்டிப் பார்த்தார். "நாலா? உங்க நம்பரா, டாக்டர்?"

துரைக்கு எண்ணே கிடையாது. கலெமாவின் எண் ஏழு. முசோகேயை அடக்கம் செய்த நாளிலிருந்து நான்கு என்று எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை.

துரை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரரின் பேனா காத்திருந்தது.

"ஆமா" என்றார் கடைசியில். "என் நம்பர்தான்."

பத்திரிகைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான் கலெமா. எண்ணை எடுத்துக்கொண்டவர் அதற்குரிய ஒன்பது நாளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும்.

சீட்டை எச்சில் தொட்டுக் குழாயில் ஒட்டினான்.