பொதுப் பிள்ளைகள்

ஏரிக்கரைக் கருவேல மரத்தடியில் கூழைக்கடாக் குஞ்சுகள் எல்லாம் ஒரே கூட்டமாக வளர்ந்தன.

"இங்க என் பிள்ளை, உன் பிள்ளைன்னு எதுவும் கிடையாது. எந்த வாய் திறந்திருக்கோ அதுக்கு ஊட்டு. மீறினா வேற ஏரி பாத்துக்க!" என்பது தலைவிப் பறவையின் சட்டம்.

புதிதாக வந்து சேர்ந்த தாய் ஒருத்தி எல்லாக் குஞ்சுகளுக்கும் ஊட்டினாள். அலகுப் பையின் அடியில் மட்டும் ஒரு குட்டிக் கெண்டையை ஒளித்துவைத்தாள். தன் குஞ்சைத் தேடிப் பிடித்து அதை ஊட்டும்போது, தலைவி பின்னால் வந்து நின்றாள்.

புதியவள் சட்டென்று திரும்பினாள். "அக்கா, இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க!"

தலைவி வாயே திறக்காமல் முறைத்தாள்.

"ஏதாவது பேசுங்கக்கா!"

பொறுக்க முடியாமல் தலைவி அதட்ட வாய் திறந்தாள். பொத்தென்று ஒரு பெரிய கெண்டை விழுந்தது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு குண்டுக் குஞ்சு ஓடி வந்தது.

"அம்மா, இன்னைக்கு ஏன் இவ்ளோ லேட்டு?"