பதினாறாம் வாய்ப்பாடு

"அத்த, குளிக்கும்போது எதுக்கு வாய்ப்பாடு சொல்லுதீங்க?"

தர்ஷிகா கேட்டுவிட்டு இட்லியைப் பிட்டாள்.

மற்ற இருவரின் கைகள் அப்படியே நின்றன. அண்ணனின் கை சட்னியில். மதினியின் கை கரண்டியில்.

அத்தை மனநல மருத்துவமனையிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். குளியலறைக்குள் போனதும் பதினாறாம் வாய்ப்பாடு தொடங்கும். தலை துவட்டி வெளியே வரும்போது முடியும். எண்ணெய் தேய்க்கும் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு முறை.

தர்ஷிகாவின் வகுப்பில் எல்லாரும் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அத்தையைக் கேட்டே பதினாறு தலைகீழாகத் தெரியும்.

மதினி இந்தக் குளியல் வாய்ப்பாட்டைத் தன் அக்காவிடம் சொன்னாள். அண்ணன் மருத்துவமனைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டான். புதன்கிழமை கூட்டிவரச் சொன்னார்கள். எதற்கும் மாற்றுத்துணி எடுத்துவரச் சொன்னார்கள்.

மாற்றுத்துணிப் பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. பெருக்கும்போது அத்தை பார்த்துவிட்டாள். துணிகள் அவளுடையவை. புது சோப்பும் ஒன்று இருந்தது.

பார்த்ததை அவள் சொல்லவில்லை. ஏன் வாய்ப்பாடு சொல்கிறாய் என்று அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

கேட்கிற வேலையைக் கடவுள் மூன்றாம் வகுப்புக்காரியிடம் கொடுத்திருந்தார்.

"அங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது பாப்பா. சத்தம் கேட்டாத்தான் உள்ள ஆள் இருக்குன்னு தெரியும். ஒருத்தி பாடுவா. ஒருத்தி கண்டக்டர் மாதிரி வரிசையா ஊர்ப்பேரு சொல்லுவா. எனக்கு வாய்ப்பாடு."

"நம்ம வீட்டுல தாழ்ப்பாள் இருக்கே."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

இருந்தது. பித்தளை. கை எட்டும் உயரம்.

இரண்டு மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அதைப் போட்டாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. திறந்தாள். மறுபடி போட்டாள். இன்னொரு தடவையும் திறந்து போட்டாள்.

பிறகு, ஒரு வார்த்தை பேசாமல், ராணி மாதிரி குளித்தாள்.

மூன்றாவது குவளை ஊற்றுவதற்குள் கதவு இடிபட்டது.

"ஏட்டி, உள்ள என்ன செய்யுத? சத்தத்தையே காணோம்!" அண்ணன்.

"குளிக்கேன்."

"பொய் சொல்லாத. குளிச்சா வாய்ப்பாடு எங்க? சொல்லு பாப்போம்!"

"எந்த வாய்ப்பாடுண்ணே?"

வெளியே மதினியின் சிரிப்பு கேட்டது.

"அவளுக்கு ஒண்ணுமில்லங்க. மாத்திரைய நாமதான் திங்கணும்."

ஆனாலும் புதன்கிழமை பை கூடவே வந்தது. பேருந்தில் அண்ணன் அதை மடியில் வைத்திருந்தான். அவள் வழி நெடுக அதையே பார்த்தாள்.

அங்கே புதிய மருத்துவர். அண்ணன் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு கோப்பை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அந்த அறையில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தாழ்ப்பாள் சார். எனக்கில்ல, பெண்கள் வார்டு பாத்ரூமுக்கு. அவசரம்னா வெளிய இருந்து காசை வச்சுத் திருகித் திறக்கலாம். அப்படி ஒண்ணு கடையில இருக்கு. நேத்து விசாரிச்சேன்."

மருத்துவர் தலையாட்டிக்கொண்டே, கைப்பழக்கத்தில், மருந்துச் சீட்டிலேயே அதை எழுதிவிட்டார். பழைய மாத்திரைகளில் ஒன்றை வேண்டாமென்று அடித்துவிட்டார். பையைக் காட்டி, "இத வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் அண்ணனிடம்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"தாழ்ப்பாள் ஸ்டாக் இல்லையே சார்."

அண்ணன் பையை இடுக்கிக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினான். அவள் மெல்ல நழுவிப் பெண்கள் வார்டுக்குப் போனாள்.

பழைய வார்டு ஆயாதான் வாசலில் நின்றாள்.

"வந்துட்டியாக்கும். ஒன் டீச்சரம்மா பத்து நாளா வாயே தொறக்கல. இப்பத்தான் குளிக்கப் போயிருக்கு."

சாப்பாட்டு மணி அடித்தது. ஆயா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஞானசெல்வம் டீச்சர், அதே வார்டில் இருப்பவர்.

இந்த வார்டுக்குத் தான் வந்த புதிதில் அவள் ஒரு மாதம் பேசவில்லை. வாய் திறக்காதவள் குளிப்பது வெளியே யாருக்குத் தெரியும்? முதல் நான்கு நாளும் யாராவது கதவைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் டீச்சர் வந்து வெளியே நின்றுகொண்டார். எனக்குப் பாட்டு வராது, பதினாறு வரும் என்றார்.

அவள் குளித்து முடிக்கும் வரை சொன்னார். தினமும் சொன்னார்.

ஒருநாள் தப்பாகச் சொன்னார். எட்டுப் பதினாறு நூற்றிருபத்தேழு.

உள்ளே அவளுக்குப் பொறுக்கவில்லை. "இருபத்தெட்டு" என்றாள்.

அங்கே அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

முப்பது வருடம் கணக்கு நடத்தியவருக்கு அது எப்படித் தப்பியது என்று அவள் அன்று யோசிக்கவில்லை.

குளியலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நடைவழியில் ஒருவரும் இல்லை. உள்ளேயும் சத்தம் இல்லை.

அவள் கதவுக்கு முதுகு காட்டி நின்றாள். சாமியை ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

"ஓர் பதினாறு பதினாறு."

உள்ளே முதல் குவளைத் தண்ணீர் விழுந்தது.

"இரு பதினாறு முப்பத்திரண்டு."

அடுத்த குவளை.

அவசரப்படாமல் சொல்லிக்கொண்டே போனாள். நாற்பத்தெட்டு. அறுபத்துநான்கு. எண்பது. தொண்ணூற்றாறு. நூற்றுப்பன்னிரண்டு.

எட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எட்டுப் பதினாறு நூற்றிருபத்தேழு."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.