பேச்சுப் பொத்தான்

மாலை வெயில் டிவியில் பட்டுக் கண் கூசுகிறது. வீடியோ கேம் விமர்சகி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மறுபடி விளையாட உட்காருகிறாள். பள்ளி நாட்களில் அண்ணனும் அவளும் சோறு தண்ணி மறந்து ஆடிய கதை விளையாட்டிலிருந்து கிளைத்தது இது. இதில் சுடுவது ஒன்றுதான் வேலை. சுடவும் நன்றாகத்தான் இருக்கிறது. டிவியில் புகை விலகுகிறது. அந்தப் பழைய விளையாட்டின் சத்திரக்காரர் கையில் விளக்கோடு வாசலில் நிற்கிறார். "ஏய், நம்மாளுடி! இன்னும் இருக்காரு பாரு!" என்று அண்ணன் சோபாவிலிருந்து எழுந்தேவிடுகிறான். அவளுடைய கட்டைவிரல் பழக்க தோஷத்தில் பழைய விளையாட்டின் பேச்சுப் பொத்தானை அழுத்துகிறது. இந்த விளையாட்டில் அது துப்பாக்கி. சத்திரக்காரர் சரிகிறார், விளக்கு படியில் உருள்கிறது, மூலையில் பத்துப் புள்ளிகள் ஏறுகின்றன. "பேசத்தாண்ணா அமுக்குனேன்." "தெரியும்மா," என்று அவன் மெல்ல உட்காருகிறான். அவள் மடிக்கணினியை இழுத்து விமர்சனத்தின் முதல் வரியைத் தட்டுகிறாள்: 'குறி தப்பவே தப்பாது, அதுதான் வருத்தம்.'