பட்டியலில் இல்லாத பாலம்

"உங்க ஊருக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க!" என்று அந்தக் கரையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினார் மாவட்ட அதிகாரி லைட்டன்.

"பாலம்!" என்று இந்தக் கரையிலிருந்து கத்தினாள் ஃபலேசி.

நடுவில் நாம்பூசி ஆறு செம்மண் நிறத்தில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

லைட்டனுக்குப் பக்கத்தில் மழைச்சட்டையோடு நின்ற வெள்ளைக்காரம்மா கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். உதவி செய்யும் பணக்கார நாட்டின் சார்பில் தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஐந்து மணி நேரம் குலுங்கி வந்திருந்தார். அவர் வண்டியில் முப்பது கைக்கணினிகள் பெட்டி பெட்டியாக இருந்தன.

"பட்டியல்ல பாலம் இல்லையாம்! இந்த வருஷம் கணினிப் படிப்புதானாம்!" என்று கத்தினார் லைட்டன்.

ஃபலேசிக்கு இது புதிதல்ல. அவள் ஊர்க்குழுத் தலைவியாகி ஒன்பது வருடம் ஆகிறது. முதல் தடவை பாலம் கேட்டபோது கைகழுவும் பயிற்சி வந்தது. அப்புறம் ஒருமுறை கேட்டதற்குத் தேனீ வளர்ப்பு வந்தது. தேனீக்கள் ஒரே வாரத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டன. அவற்றுக்குப் பாலம் தேவைப்படவில்லை. அந்தப் பயிற்சியில் கொடுத்த பனியன் மட்டும் மிஞ்சியது. அதைத்தான் இப்போதும் போட்டிருந்தாள்.

அந்தப் பணக்கார நாட்டில் யாரோ ஒருவர் காலையில் காப்பி குடித்துவிட்டு, இந்த ஊருக்கு இந்த வருடம் என்ன தேவை என்று முடிவு செய்கிறார். அந்த மகராசனை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

வழக்கமாக ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் காலத்தில்தான் உதவிக்காரர்கள் வருவார்கள். இந்தத் தடவை ஒதுக்கிய பணத்துக்கு மார்ச் மாதத்தோடு கெடு முடிகிறதாம். அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடுமாம். அதனால்தான் கொட்டுகிற மழைக்காலத்தில் வந்து நிற்கிறார்கள்.

ஃபலேசிக்கும் ஒரு கெடு இருந்தது. மகள் தியமிகே நிறைமாதம். ஆஸ்பத்திரி அந்தக் கரையில். போன வருடம் வெள்ளம் ஏறியிருந்த ஒரு நாளில், ஃபலேசியின் தங்கைக்கு இதே கரைச் சேற்றில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம். இன்னொரு முறை கடவுளை நம்பி உட்கார்ந்திருக்க ஃபலேசிக்குத் தைரியமில்லை.

"அப்போ கணினியை எங்ககிட்ட எப்படிக் குடுப்பீங்க?" என்று கத்தினாள்.

லைட்டன் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார்.

வண்டியோட்டி பிஸ்விக் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஆற்றை மேலும் கீழும் பார்த்தான். "போன மாசம் நான் வந்தப்ப இங்க குறுக்கே ரெண்டு மரம் கிடந்துச்சே!"

"ஆத்துகிட்ட கேளு தம்பி! நாங்களா தின்னுட்டோம்?" என்றாள் ஃபலேசி.

ஊர்த்தலைவர் கெனானி ஃபலேசியின் காதருகே வந்து, விருந்தாளிகளுக்குச் சமைத்த ஆட்டுக்கறியை இனி யார் சாப்பிடுவது என்று மெதுவாகக் கேட்டார். ஃபலேசி முறைத்தாள். தலைவர் பழையபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வெள்ளைக்காரம்மா பெட்டிகளைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, பட்டியலைக் கடைசித் தாள்வரை படித்தார். யாரும் அதை அதுவரை படித்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னவோ சொன்னார்.

லைட்டனின் குரலே மாறிவிட்டது. "பட்டியல்ல ஒண்ணு இருக்காம்! பொருளைக் கொண்டுசேர்க்கிற செலவு! அதுல பாலம் போடலாமாம்! வெள்ளிக்கிழமை அளவெடுக்க ஆள் வருது!"

பெண்கள் குலவையிட்டார்கள். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த தியமிகேதான் எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டாள். அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வெள்ளைக்காரம்மா அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

ஒன்பது வருடம் மனிதர்களுக்காக வராத பாலம், முப்பது கணினிகளுக்காக வரப்போகிறது. ஃபலேசிக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை மட்டும் அந்தக் கரைக்குக் காட்டினாள்.

வண்டி வளைவில் மறைந்தது.

"தூக்குங்க!" என்றாள் ஃபலேசி.

எல்லோரும் தேவாலயத்துக்குப் பின்னால் ஓடினார்கள். மக்காச்சோளத் தட்டைகளை விலக்கியதும் அடியில் இரண்டு நீள மரங்கள் கிடந்தன. ஊர் இத்தனை நாளும் அவற்றின் மேல்தான் ஆற்றைக் கடந்தது. போன வருடம் ஆற்றில் தண்ணீர் ஓடிய நேரத்தில் வந்த அதிகாரி ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மரங்களில் நடந்து, ரசித்து, 'இவ்வூருக்குப் பாலம் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார். அதனால்தான் இன்று கருக்கலிலேயே பதினாறு பேர் சேர்ந்து மரங்களைச் சுமந்து வந்து ஒளித்தார்கள். ஃபலேசியின் தோள் இன்னும் எரிந்தது.

"வெள்ளிக்கிழமை அளவெடுக்க வர்றாங்களேம்மா?" என்றார் தலைவர்.

"வியாழக்கிழமை மறுபடி தூக்குவோம். நீங்களும்தான், தலைவரே. நாற்காலியை விட்டு எந்திரிங்க."

தியமிகே மட்டும் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அம்மா, மரத்தைச் சீக்கிரம் போடச் சொல்லு. விடியறதுக்கு முன்னாடியே வலி வந்துருச்சு."

ஃபலேசி ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "முன்னாடியேவா? ஏண்டி அப்பவே சொல்லல?"

தியமிகே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லியிருந்தா நீ மரத்தை எடுத்திருப்பியா?"