முதல் காய்

கென்யாவின் கினாங்கோப் மேட்டுப் பட்டாணிக் கொடிகள் மேல் கோடை வெயில் சாய்ந்து கிடக்கிறது. காய் பறிக்க வந்த நான்கு பெண்களும் காலி வாளிகளோடு வரப்பிலேயே நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வயல்காரர்தான் முதல் காயை உடைத்துத் தின்ன வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் இறங்குவார்கள், தின்றுகொண்டேதான் பறிப்பார்கள். இன்று வயல்காரர் கமாண்டே தின்னவில்லை. “வயிறு முட்டக் கஞ்சி குடிச்சிட்டேன். எறங்குங்க,” என்கிறார். முதுகில் குழந்தையைக் கட்டியிருக்கும் ந்யாக்கியோ ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறாள். வெள்ளைத் திட்டுகள் காய்ந்திருக்கின்றன. “எப்பண்ணே மருந்தடிச்சீங்க?” “அது ஆச்சு, ரெண்டு வாரம்.” “முந்தாநேத்து பேஞ்ச மழை உங்க வயலை மட்டும் சுத்திப் போயிருச்சாக்கும்.” பின்னால் ஒருத்தி சிரிக்கிறாள். “லாரி வர்ற நேரம். கூலி வேணும்னா எறங்கு, இல்லேன்னா வீட்டுக்குப் போ,” என்கிறார் கமாண்டே. குழந்தை தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஒரு காயைப் பறித்துவிடுகிறது. வாய்க்குப் போகுமுன் ந்யாக்கியோ அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் காயைப் பிளந்து அவரிடம் நீட்டுகிறாள். “இதை மட்டும் தின்னுங்கண்ணே. பேசாம எறங்கிடறோம்.” கமாண்டே வாங்கிக்கொள்கிறார். உள்ளங்கையில் ஆறு மணிகள், பச்சைப்பசேலென்று. தொலைவில் லாரி மேடேறும் சத்தம். அவர் பெண்களைப் பார்க்கிறார், கையை மெல்ல வாய்க்குக் கொண்டுபோகிறார். தேநீர்ப் பாத்திரத்தோடு வந்து நிற்கும் அவர் மனைவி வாரிகியா, யார் முகத்தையும் பார்க்காமல் சொல்கிறாள்: “கீழ போடுங்க. போய்க் கையைக் கழுவுங்க.”