அறுபது திரைகளும் ஒரு செல்லோவும்

இசைக்குழு மேலாளர்களின் ஆண்டு மாநாட்டுக்கு இம்முறையும் எல்லோரும் தங்கள் டிஜிட்டல் பிரதிநிதிகளையே அனுப்பியிருந்தார்கள். திருச்சி அரங்கில் அறுபது திரைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. நேரில் வந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தார் கோவைக் குழுவின் சிவப்பிரகாசம். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அவருக்கு ஒரு செல்லோக்காரர் கிடைத்தே ஆகவேண்டும். அவருடைய பிரதிநிதி எல்லாத் திரைகளிடமும் கேட்டுப் பார்த்துவிட்டது. மாநிலத்தில் எல்லாச் செல்லோக்காரர்களுக்கும் அம்மை போட்டிருந்ததாம்.

கேன்டீனில் மதுரைக் குழுவின் மேலாளர் மீனலோசனி பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க செல்லோக்காரருக்கும் அம்மையாமே மேடம்?"

"யாரு, குருபரனுக்கா? நேத்துகூட பரோட்டா தின்னுட்டுத் திரிஞ்சாரு. யார் கேட்டாலும் அவருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லச் சொல்லி என் பிரதிநிதிகிட்ட வச்சிருந்தேன். அது கூட்டிச் சொல்லிருச்சு." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "உங்க டிரம்பெட்காரருக்கு ஒடிஞ்ச கை கூடிருச்சா சார்? அவரை அனுப்ப முடியாதுன்னு உங்க பிரதிநிதி சொன்னதால போன மாசக் கச்சேரியையே ரத்து பண்ணிட்டேன்."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சிவப்பிரகாசத்துக்கு மனம் வரவில்லை.

"கை ஒடியவே இல்லைங்க மேடம். நானும் அப்படித்தான் சொல்லச் சொல்லி வச்சிருந்தேன்."

மீனலோசனி பூரியைத் தட்டில் வைத்தார். "சரி, சனிக்கிழமை அவரை மதுரைக்கு அனுப்புங்க. திரும்புறப்ப குருபரனைக் கூட்டிட்டுப் போகட்டும். நீங்களும் வந்துருங்க. அந்தக் கை கூடணும்னு அழகர்கோயிலுக்கு ஒரு மொட்டை நேந்திருக்கேன். அதை நீங்கதான் போடணும்."